ஆறு அங்குலமும் அக்கா மகனும்

"ஆறு அங்குல பேரல் வச்ச பிஸ்டல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், நீங்க என்ன மாமா சொல்றீங்க"ன்னு நீ கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு மாப்ளே. பணத்தைக் கட்டியாச்சு. கட்டிட்டு யோசனை கேட்கிறது உங்க அப்பா வழி. எங்க அக்கா அப்படி இல்ல. முதல்ல யோசனை கேட்பா, அப்புறம் சொன்னதுக்கு நேர் எதிரா பண்ணுவா. ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்த உனக்குப் புத்தி சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல. இருந்தாலும் டெக்சாஸ் வெயில்ல என்னையும் போட்டிக்குக் கூட்டிட்டுப் போயி, கையில ஒரு ஸ்டிக்கர் சுருளைக் குடுத்து, "சுட்டு முடிச்சதும் அட்டையில இருக்கிற ஓட்டையை எல்லாம் ஒட்டிருங்க மாமா"ன்னு விட்டுட்டுப் போறியே, அந்த உரிமையில சொல்றேன். சுடுறவனுக்குத் தெரியாத சில சங்கதி ஒட்டுறவனுக்குத் தெரியும்.

முதல்ல அளவைப் பேசுவோம். ஆறு அங்குலம், ஆறு அங்குலம்னு குதிக்கிறியே, அதை எங்கேயிருந்து எங்க வரைக்கும் அளக்குறாங்கன்னு பாத்தியா? பேரலோட வாயில ஆரம்பிச்சு, உள்ள தோட்டாவோட அடிப்பக்கம் முட்டி நிக்கிற இடம் வரைக்கும். ஆக தோட்டா படுத்திருக்கிற அறையும் அந்தக் கணக்குலதான் வருது. 9 மி.மீ. தோட்டாவோட பித்தளைக் கூடு மட்டும் 19 மி.மீ. ஆறு அங்குலம்னா 152 மி.மீ. அதுல எட்டுல ஒரு பங்கு கூடு படுத்துக் கிடக்கிற இடத்துக்கே போயிடும். மிச்சத்துலதான் குண்டு ஓடுது. ரிவால்வர்ல இப்படி இல்ல. உருளைக்கு முன்னாடி நீட்டிட்டு இருக்கிற குழலை மட்டும்தான் அளப்பாங்க. அதனால யாராச்சும் ஒரு பெரியவர் நாலு அங்குல ரிவால்வரைத் தூக்கிட்டு வந்து நின்னா, "குட்டையா இருக்கே"ன்னு பல்லைக் காட்டாதே. அவரு சொல்ற நாலு முழு நாலு. நீ சொல்ற ஆறுதான் கொஞ்சம் உப்பின ஆறு.

அடுத்தது, நீ எந்தப் பிரிவுல சுடப் போறே? இதைக் கேட்டா, "அதெல்லாம் வாங்கிட்டுப் பாத்துக்கலாம் மாமா"ங்கிறே. இங்கதான் மாப்ளே வேடிக்கையே இருக்கு. பேரல் நீளத்தை நீ தேர்ந்தெடுக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கே. உனக்கு முன்னாடியே விதிப்புத்தகம் தேர்ந்தெடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கு.

கையில துப்பாக்கியோட ஓடி, குனிஞ்சு, ஜன்னல் வழியாவும் கதவு வழியாவும் சுட்டு, புள்ளியையும் நேரத்தையும் சேத்துக் கணக்குப் பாக்குற இந்தக் கூத்துக்கு உலக அளவுல சங்கம் வச்சது 1976ல, மிசௌரி மாநிலத்து கொலம்பியாவுல. ஐ.பி.எஸ்.சி.ன்னு பேரு. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலு, வேகம்னு மூணையும் லத்தீன்ல எழுதிக் கொடியில போட்டுக்கிட்டாங்க. கூப்பருக்குப் பிடிச்சது ஜான் பிரவுனிங் செஞ்ச 1911 பிஸ்டல். அமெரிக்கப் பட்டாளம் அதை எடுத்துக்கிட்ட வருஷம்தான் அதுக்குப் பேராச்சு. அதோட பேரல் அஞ்சு அங்குலம், அதாவது 127 மி.மீ. இந்த எண்ணை மடியில முடிஞ்சு வச்சுக்கோ.

இப்ப ஐ.பி.எஸ்.சி.யோட புரொடக்‌ஷன் பிரிவுக்கு வா. கடையில விக்கிற துப்பாக்கியை விக்கிற மாதிரியே கொண்டு வரணும்ங்கிற பிரிவு. அங்க பேரல் அதிகபட்சம் 127 மி.மீ. மடியில முடிஞ்சது ஞாபகம் வருதா? க்ளாக் 17 பேரல் 114 மி.மீ., உன்கிட்ட ஏற்கெனவே இருக்கிற க்ளாக் 19 பேரல் 102. ரெண்டும் தாராளமா நுழைஞ்சிடும். க்ளாக் 34 பேரல் 135 மி.மீ.; எட்டு மில்லிமீட்டர் கூடிப் போச்சு, வாசல்லயே நிறுத்திடுவாங்க. இதே துப்பாக்கியை இங்க அமெரிக்காவுல, 1984ல ஆரம்பிச்ச யூ.எஸ்.பி.எஸ்.ஏ. சங்கத்துப் புரொடக்‌ஷன் பிரிவுல ஜம்முனு சுடலாம். ரெண்டும் ஒரே குடும்பம்தான், ஆனா பங்காளிங்க ஒரே மாதிரி சட்டம் போட்டு நீ எங்க பாத்திருக்கே? ஒரு ஆளு டெக்சாஸ்ல நல்லாச் சுட்டு, அதே 34ஐத் தூக்கிட்டு ஐரோப்பாவுல ஒரு ஐ.பி.எஸ்.சி. போட்டிக்குப் போனான்னு வை. பிரிவுக்கு ஒத்து வராத துப்பாக்கின்னா ஓப்பன் பிரிவுல தள்ளி விட்டுருவாங்க. அங்க இருக்கிறவன் எல்லாம் ரெட் டாட், காம்பன்சேட்டர், நீள மேகசின்னு வச்சுக்கிட்டு நிப்பான். இவன் சாதாச் சைட்டோட எட்டு மில்லிமீட்டர் பெருமையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

ஸ்டாண்டர்டு பிரிவுல பேரலையே அளக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு பெட்டி வச்சிருக்காங்க: உள்ளளவு 225 மி.மீ. நீளம், 150 உயரம், 45 அகலம். மேகசினைப் போட்டு துப்பாக்கியை உள்ள வைக்கணும்; அடங்கினா உண்டு, அடங்கலேன்னா வீட்டுக்கு. 1911 வழியில வந்த அஞ்சு அங்குல 2011 பிஸ்டல் அடங்கும். உன்னோட ஆறு அங்குலம் மூக்கை வெளிய நீட்டும். நீ எவ்வளவு அன்பாத் தள்ளினாலும் போகாது. யூ.எஸ்.பி.எஸ்.ஏ.யோட லிமிடெட் பிரிவுல அந்தப் பெட்டி கிடையாது, அதனாலதான் ஆறு அங்குலக்காரங்க அங்க குடியிருக்காங்க. 1996ல ஆரம்பிச்ச ஐ.டி.பி.ஏ.ன்னு இன்னொரு சங்கம் இருக்கு, அவங்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. நீளம் எட்டே முக்கால் அங்குலம். க்ளாக் கம்பெனிக்காரன் 1988ல 17எல்னு 153 மி.மீ. பேரல்ல ஒண்ணு போட்டான். பாக்க ராஜா மாதிரி இருக்கும், பெட்டிக்குள்ள மட்டும் போகாது. 1998ல வந்த 34 இருக்கே, அதோட நீளத்தைப் பாரு, அந்த எட்டே முக்காலுக்குள்ள ஒரு மயிரிழை விட்டு அடங்கி நிக்கும். போட்டிக்காரனுக்குன்னே செஞ்சது. கம்பெனிக்காரனே விதிப்புத்தகத்தைப் பாத்துட்டுத்தான் இரும்பை வெட்டுறான். நீதான் இரும்பை வாங்கிட்டு விதிப்புத்தகம் எங்க கிடைக்கும்னு கேட்கிறே.

சரி, நீ லிமிடெட்லதான் சுடுவேன்னு அடம் பிடிக்கிறேன்னு வச்சுக்குவோம். நீளத்தினால என்ன லாபம்? "சைட் ரேடியஸ் மாமா, சைட் ரேடியஸ்"னு சொல்லுவே. போட்டிக்குப் போயி நாலு பேரு பேசறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கே. பொய்யில்ல அது. ஆனா பாதிதான் நிசம், மிச்சப் பாதியைச் சொல்றேன்.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் க்ளாக் 19ல 153 மி.மீ., 17ல 165, 34ல 192. பின் சைட்டோட பள்ளத்துல முன் சைட்டு நட்ட நடுவுல நிக்காம அரை மில்லிமீட்டர் ஒதுங்கி நிக்குதுன்னு வை. பத்து மீட்டர்ல இருக்கிற அட்டையில குண்டு எவ்வளவு விலகும்? 19ல 33 மி.மீ., 17ல 30, 34ல 26. அட்டையில அஞ்சு புள்ளி குடுக்கிற ஏ கட்டம் சுமாரா 15 செ.மீ. அகலம், நடுவுலேர்ந்து ஓரத்துக்கு 75 மி.மீ. ஆக பத்து மீட்டர்ல மூணு துப்பாக்கியும் கட்டத்துக்கு உள்ளேயேதான் சுடும். ஒட்டுற எனக்கு எது எந்தத் துப்பாக்கி போட்ட ஓட்டைன்னு சத்தியமாத் தெரியாது.

இருபத்தஞ்சு மீட்டருக்குப் போனா கதை மாறுது. அதே அரை மில்லிமீட்டர் பிசகு 19ல 82 மி.மீ. ஆகும், 17ல 76, 34ல 65. 34 போட்டது கட்டத்துக்குள்ள. 17 போட்டது கோட்டை உரசும். கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி குடுத்துருவாங்க, அதனால பிழைச்சுக்கும். 19 போட்டது வெளிய, சி கட்டத்துல, வலு குறைஞ்ச மைனர் வகைத் தோட்டாவா இருந்தா மூணே புள்ளி. நீளத்துக்கு மரியாதை இருக்கிற இடம் இது. ஒத்துக்கிறேன்.

ஆனா மாப்ளே, ஒரு போட்டியில இருபத்தஞ்சு மீட்டர்ல எத்தனை அட்டை நிக்குது, கை நீட்டினா தொடுற தூரத்துல எத்தனை நிக்குதுன்னு நீயே யோசி. அதை விடு. பெரிய சங்கதி வேற. நம்ம தோப்புல தொரட்டி பிடிச்சிருக்கே இல்ல? நீளத் தொரட்டியோட நுனி ஆடுறது கண்ணுக்கு நல்லாத் தெரியும், குட்டைத் தொரட்டியில தெரியாது. கை நடுங்குறது என்னமோ ரெண்டுலயும் ஒரே நடுக்கம்தான். ஒரு காயைப் பறிச்சுட்டு அடுத்த கிளைக்குத் திருப்புறப்போ நீளத் தொரட்டி போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயி, திரும்பி வந்து, ரெண்டு ஆட்டம் போட்டுட்டுத்தான் நிக்கும். பேரல் விஷயத்துல தெரிஞ்சுக்க வேண்டிய முக்கால்வாசி இதுக்குள்ளேயே இருக்கு. நீளம் உன் கையை ஆடாம நிறுத்தாது, ஆடுறதைக் காட்டிக் குடுக்கும், அவ்வளவுதான். காட்டிக் குடுத்ததைப் பாத்துத் திருத்திக்கிட்டுச் சுடுற பொறுமை உள்ளவனுக்கு அது தெய்வம். நீ பாத்துட்டா சுடுறே? மணி அடிச்ச உடனே ட்ரிகரைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுக்கிறே. அப்படி இழுக்கிறப்போ துப்பாக்கியே மொத்தமாத் திரும்பிப் போகுது. அந்தத் திருப்பத்துக்கு நாலு அங்குலமும் ஆறு அங்குலமும் ஒரே மாதிரிதான் தப்பாப் போகும். உன் ஓட்டையெல்லாம் இடது பக்கம் கீழ விழுறதை வாரா வாரம் நான்தான் ஒட்டுறேன். வலது கைக்காரன் ட்ரிகரை வெடுக்குனு இழுத்தா விழுற இடம் அது. பேரலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

குட்டைக் குழல் தன்னால தப்பாச் சுடும்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவன் ரொம்பப் பேரு. துப்பாக்கியை ஒரு கிட்டியில இறுக்கி வச்சுச் சுட்டா குட்டையும் நெட்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குண்டைக் குவிக்கும். நீளம் உதவறது கண்ணுக்கு, இரும்புக்கு இல்ல.

அதுலயும் நீ அடுத்து ரெட் டாட் மாட்டப் போறே. மறைக்காதே, உன் கம்ப்யூட்டர்ல விலை பாத்துட்டு இருந்ததை நான் பாத்தேன். கண்ணாடியில ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கேயோ குண்டு அங்க. முன் சைட்டு, பின் சைட்டு, நடுவுல தூரம் எதுவுமே கிடையாது. அன்னைக்கே உன் சைட் ரேடியஸ் வாதம் படுத்துரும். இப்ப கேரி ஆப்டிக்ஸ், 2023ல வந்த லிமிடெட் ஆப்டிக்ஸ்னு பாதிக் கூட்டம் புள்ளி வச்ச பிரிவுலதான் நிக்குது. அவங்க நீளத்துக்குக் காசு குடுத்தா அது வேற காரணத்துக்குத்தான் குடுக்கணும்.

வேற காரணம் என்ன? எடை. மூக்குல எடை கூடினா, சுட்டதும் மூக்கு மேல துள்ளுறது கொஞ்சம் அடங்கும். நிசம்தான். ஆனா எடையை நீளத்துலதான் வைக்கணும்னு யாரு சொன்னா? ஐ.பி.எஸ்.சி. புரொடக்‌ஷன்ல எங்க பாத்தாலும் ஒருத்தன் சி.இசட். ஷேடோ 2 வச்சிருப்பான். பேரல் 127க்குள்ளதான். எடை மட்டும் 1,300 கிராமுக்கு மேல. க்ளாக் 17 காலியா, மேகசின் இல்லாம, 630 கிராம் பக்கம். ஏறக்குறைய ரெண்டு மடங்கு. செக்கோஸ்லோவாக்கியாக்காரன், இப்ப செக்குக்காரன், நீளத்தைத் தொடாம அடிச்சட்டத்தையே கனமான உருக்குல செஞ்சு குடுத்துட்டான். கனம் கீழ இருக்கு, அடுத்த அட்டைக்குத் திருப்புறப்போ மூக்கு இழுக்காது.

ஸ்லைடு சங்கதி இன்னும் நுணுக்கம். பேரல் நீண்டா அதுக்கு மேல ஓடுற ஸ்லைடும் நீளும், கனக்கும். கனமான ஸ்லைடு மெதுவாப் பின்னால போயி, மெதுவா முன்னால வந்து, தட்டுனு நிக்கும். நிக்கிற வேகத்துல மூக்கு கீழ குனியும். குட்டை ஸ்லைடு சுருக்குனு போயி சுருக்குனு வரும், கையில அடிக்கிற அடியும் கூர்மையா இருக்கும். அதனாலதான் க்ளாக்காரன் 34ஓட ஸ்லைடு மேல ஒரு சன்னல் வெட்டி வச்சான். நீளத்தை ஏத்திட்டு, ஏத்தின எடையை அங்க சுரண்டி எடுத்துட்டான். நீ அந்த ஓட்டையைக் காட்டி, "காத்துப் போக மாமா, பேரல் சூடாகாம இருக்க"ன்னு ஒரு நாள் எனக்கே விளக்கம் சொன்னே. நானும் தலையாட்டினேன். அப்புறம் ஸ்பிரிங். நீளம் மாத்தினா ஸ்பிரிங் மாத்தணும், தோட்டா மாத்தினா மறுபடியும் ஸ்பிரிங் மாத்தணும். கராஜுல பாதி நாள் அதுலயே போயிரும். சிலருக்கு அதுதான் இந்த விளையாட்டே. சுடுறதை விட ஸ்பிரிங் மாத்துறதுல சந்தோஷம். உன்னை அந்தச் சாதியில சேத்துரலாமான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

இனி வேகக் கணக்கு. இதுல உன் ஆறு அங்குலத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆகணும். குண்டோட எடையை கிரெய்ன்ல வச்சு, வினாடிக்கு எத்தனை அடி ஓடுதோ அதால பெருக்கி, ஆயிரத்தால வகுத்தா வர்றது பவர் ஃபேக்டர். மைனருக்கு 125 வேணும். வலு கூடின மேஜருக்கு இங்க 165, ஐ.பி.எஸ்.சி. ஸ்டாண்டர்டுல 170. நீ நிரப்புற 147 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 870 அடி ஓடுச்சுன்னா 127.9 வரும். பாஸ். பேரல் ஒரு அங்குலம் குறைஞ்சா 9 மி.மீ. தோட்டாவுல சாதாரணமா வினாடிக்கு இருபதோ முப்பதோ அடி குறையும். 845க்கு இறங்கிட்டா 124.2. ஃபெயில். மைனரே எட்டலேன்னா உனக்குப் புள்ளியே கிடையாது. காலையில வந்து சாயங்காலம் வரை ஓடினதெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு போக வேண்டியதுதான். ஆக, ஒரு பேரல்ல அளந்து நிரப்பின தோட்டாவை வேற நீளத்துல போட்டுட்டு, "போன தடவை பாஸ் ஆச்சே"ன்னு வேகம் அளக்கிற குரோனோகிராஃப் மேசைகிட்ட நின்னு அழாதே. ஒரே நீளமுள்ள ரெண்டு பேரலே ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா ஓடும். நீளம் இங்க உனக்கு மருந்துல ஒரு சிட்டிகை மிச்சம் பண்ணித் தரும். அந்தச் சிட்டிகையை டப்பாவுலேர்ந்தே போட்டுக்கலாம், அதுக்கு ஆறு அங்குலம் வேண்டியதில்ல.

ஓப்பன் பிரிவுக்காரங்க இதுல நேர் எதிர்ப் பக்கம் போறாங்க. மூக்குல காம்பன்சேட்டர் மாட்டி, அதுல இருக்கிற துளை வழியா வாயுவை மேல பீச்ச வச்சு மூக்கை அமுக்குறாங்க. பேரல் குட்டையா இருந்தா வாயு இன்னும் அழுத்தத்தோட காம்பன்சேட்டருக்கு வந்து சேரும், அமுக்குறதும் நல்லா அமுக்கும். அதனால குட்டை பேரல்ல ஓப்பன் துப்பாக்கி கட்டுறவன் கிறுக்கன் இல்ல. உனக்கு அது வேண்டாம். காது போயிரும், காசும் போயிரும்.

நீ எதுல நேரத்தை விடுறேன்னு தெரிஞ்சுக்காம அங்குலத்தைப் பேசறதுல அர்த்தமில்ல. 19லேர்ந்து 34க்குப் போனா உறையிலேர்ந்து உருவ 33 மி.மீ. கூடத் தூக்கணும். அது வினாடியில நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு, எவனும் கவலைப்பட வேண்டியதில்ல. ஜன்னல் வச்ச ஸ்டேஜுல நீளத் துப்பாக்கி ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதை உள்ள இழுத்துட்டுத்தான் நகரணும். பழகினவன் ஜன்னலுக்கு ஒரு கை தள்ளி நின்னு சுட்டுட்டு ஓடிருவான். நீ ஜன்னல்லயே போயி முகத்தை வச்சுக்குவே, என்னமோ எதிர் வீட்டுல சண்டை நடக்கிற மாதிரி. இழுக்கிற அவசரத்துல துப்பாக்கி வாயி பின்னால திரும்பி, 180 டிகிரி கோட்டைத் தாண்டிருச்சுன்னா அன்னைக்குப் போட்டி முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம். அதுல மட்டும் எனக்கு நையாண்டி கிடையாது. வாயி எங்க பாக்குதுங்கிறதுதான் அங்க முதல் சட்டம்.

கணக்கைப் பாரு. 32 குண்டு ஸ்டேஜ். எல்லாம் ஏ-யில விழுந்தா 160 புள்ளி. 20 வினாடியில முடிச்சா, புள்ளியை வினாடியால வகுத்து வர்ற ஹிட் ஃபேக்டர் 8. உன் நீள பேரலோட புண்ணியத்துல ரெண்டு சி, ரெண்டு ஏ ஆச்சுன்னு வை. அது இல்லாம சுட்டிருந்தா 156, அதாவது 7.8. நீளம் உனக்குச் சம்பாதிச்சுக் குடுத்தது 0.2. நல்ல லாபம்தான். இப்ப, நீ சுவருக்குப் பின்னால இருக்கிற ஒரு அட்டையை மறந்துட்டு ஓடிட்டேன்னு வை. பத்து புள்ளி போச்சு. ரெண்டு மிஸ்ஸுக்கு இருபது கழியும். சுடாமலே விட்டதுக்குத் தனியா பத்து. மிச்சம் 120. ஹிட் ஃபேக்டர் 6. எந்தப் பேரலும் மறந்த அட்டையைத் தானாச் சுடாது. போன தடவை நீ மறந்த அட்டையை நான் ஒட்டவே வேண்டியதா இல்ல, புதுசாவே நின்னுட்டு இருந்துச்சு. நான்தான் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட "காத்துல திரும்பிருச்சு போல"ன்னு சொல்லி உன் மானத்தைக் காப்பாத்தினேன்.

பேரல் நீளம் தேர்ந்தெடுக்கணும்னா ஒரு வழி சொல்றேன், செலவில்லாத வழி. உன் ஸ்குவாடுல இருக்கிறவங்க நல்ல மனுசங்க. அஞ்சு அங்குலம் ஒருத்தர்கிட்ட, 34 ஒருத்தர்கிட்ட, ஆறு அங்குலமும் ஒருத்தர்கிட்ட இருக்கு. பயிற்சி நாள்ல கேளு, தோட்டா உன்னோடதுன்னா குடுப்பாங்க. கூப்பர் ஒரு பயிற்சி வச்சுட்டுப் போயிருக்கார், எல் பிரெசிடென்டேன்னு பேரு. மூணு அட்டை, பத்து மீட்டர் தூரம், அட்டைக்கு முதுகைக் காட்டி நின்னு, மணி அடிச்சதும் திரும்பி அட்டைக்கு ரெண்டு குண்டு, மேகசின் மாத்தி மறுபடி அட்டைக்கு ரெண்டு. திருப்புறது, உருவுறது, மாத்துறது எல்லாம் அதுல வந்துரும். அப்புறம் பில் வில்சன் பேருல இருக்கிற பில் ட்ரில்: ஏழு கஜத்துல ஒரே அட்டை, உருவி ஆறு குண்டு, துள்ளி எழுந்த மூக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருதுன்னு அதுல தெரியும். கடைசியா இருபத்தஞ்சு மீட்டர்ல மெதுவாக் கொஞ்சம். டைமர் சொல்றதையும் அட்டை சொல்றதையும் நோட்டுல எழுது. எந்தத் துப்பாக்கியில எதுன்னு ஒட்டுறவன்கிட்ட சொல்லாதே, நான் அட்டையை மட்டும் பாத்துச் சொல்றேன். ஒரு சுத்து சுட்டுட்டு முடிவு பண்ணிடாதே; புதுத் துப்பாக்கியில முதல் நாள் எவனும் கவனமாச் சுடுவான், கவனம் போட்ட புள்ளியைக் கொண்டு போயி பேரல் கணக்குல எழுதிருவே.

என் வாயால கேட்டாத்தான் ஆச்சுன்னா சொல்றேன். சாதாச் சைட்டோட சுடுற வரைக்கும் அஞ்சு அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். எல்லாப் பெட்டிக்குள்ளயும் போகும், எல்லா நாட்டுலயும் போகும், உறை தேடி அலைய வேண்டாம், ஸ்பிரிங் எந்தக் கடையிலயும் கிடைக்கும். சிவப்புப் புள்ளி மாட்டிட்டா நாலரையே போதும். இப்போதைக்கு உன் 19ஐயே வச்சுக்கிட்டு ஒரு சீசன் ஓட்டினாலும் யாரும் உன்னை ஊரை விட்டுத் தள்ளி வைக்க மாட்டாங்க. தோட்டா எல்லாம் வேற அறையில இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, காலித் துப்பாக்கியோட ராத்திரி பத்து நிமிஷம் சுவரைப் பாத்து ட்ரிகர் அமுக்கு. முன் சைட்டு அசையாம இருக்கணும். உன் பொண்டாட்டி சிரிப்பா. சிரிக்கட்டும், எங்க வீட்டுலயும் சிரிச்சவதான்.

நாலஞ்சு வருஷம் போயி, தூரத்து அட்டையில உன் ஓட்டையெல்லாம் நடுவுல விழுந்து, ரெண்டு மூணு மட்டும் கோட்டுக்கு வெளிய நூல் அளவு நிக்குதுன்னா, அன்னைக்கு வந்து ஆறு அங்குலம் கேளு. நானே காசு தரேன். உங்க ஆத்தாகிட்ட வாங்கித்தான் தருவேன், இருந்தாலும் தருவேன்.

அது சரி, பெட்டகத்துல மேல் தட்டுல துண்டு சுத்தி வச்சிருக்கியே ஒரு ஆறு அங்குலம், அதை என்ன பண்ணப் போறே? நான் திறந்து பாக்கல; நீ திறந்து வச்சுட்டு அதையே பாத்துட்டு நின்னதைப் பாத்தேன். வித்துரு. முறையாக் கடையில வச்சு, காகிதமெல்லாம் போட்டு வித்துரு. நம்ம ஸ்குவாடுல அந்த ஆறரை அடி உயரத்துக்காரர் இருக்காரே, தூரத்து இரும்புத் தட்டை எல்லாம் ஒண்ணு விடாமச் சாய்க்கிறவரு, அவரு கைக்கும் பொறுமைக்கும் அது பொருந்தும். விலையை மட்டும் நீ பேசாதே. நீ பேசினா சிரிச்சுக்கிட்டே பாதிக்குக் குடுத்துட்டு வந்துருவே. என்கிட்ட அனுப்பு. துண்டுக்குள்ள விரல் பிடிச்சு நாப்பது வருஷம் மாட்டுத் தரகு பாத்தவன் நான். "ஆறு அங்குலமா, அடேயப்பா, என்னா சைட் ரேடியஸ்"னு ஆரம்பிச்சேன்னா, அவரு உறைக்கும் சேத்துக் காசு குடுத்துட்டுப் போவாரு.